கொச்சம்மா போன பள்ளி

கொச்சம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வராது, முதுகுதான் வரும். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு. அந்த முண்டின் நுனியை இடுப்புக்குப் பின்னால் விசிறி மாதிரி மடித்து விட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏலத்தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால் நடக்க நடக்க, அந்த விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கறுப்புத் தோல் போட்ட புத்தகம். விடாமல் மழை பெய்து பாதையெல்லாம் களியாகக் கிடக்கும். ஆனால் அந்த முண்டில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. எப்படி நடந்தார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நானும் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்து பார்த்தேன். எனக்கு முழங்கால் மட்டும் சேறு.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து மலையில், பெரிய வீட்டு அம்மாவைக் கொச்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் எங்கள் தோட்டத்து சூப்ரவைசரின் மனைவி. கோட்டயம் பக்கத்துக்காரர். பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது மட்டும் எதற்கு.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ராசிங்காபுரத்துக்காரி. எங்கப்பா நாலு பேர் கூடுகிற இடத்தில் நடுவில் உட்காருகிற ஆள். அந்த வீட்டுப் பிள்ளை யாரிடமும் போய் எதையும் கேட்காது. கேட்பது என்றால் தெரியாது என்று ஒப்புக்கொள்வதாயிற்றே. அந்த வீம்பு என் கூடவே பிறந்தது. படிப்பு கூடப் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள், அ எழுதினேன், ஆ எழுதினேன். அந்தச் சமயம் பார்த்துத் தம்பி பிறந்தான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. இ எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

படிக்கத் தெரியாதது அதுவரைக்கும் ஒரு குறையாகவே படவில்லை. கல்யாணம் ஆன புதிதில்தான் அது வந்து இடித்தது. போடியில் புகுந்த வீடு. அங்கிருந்து தனியாக அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன், கையில் முறுக்கு டின். பஸ் ஸ்டாண்டில் வரிசையாகப் பஸ்கள் நின்றன. எது ராசிங்காபுரம் போகும் என்று பக்கத்தில் நின்ற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்பேனா? போர்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, படித்தவள் மாதிரி ஒன்றில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். பஸ் போய்ப் போய் மலையடிவாரத்தில் குரங்கணியில் நின்றது. இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. ஆனால் வேண்டுமென்றே வந்தவள் மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டு, வேகமாக ஒரு தெருவுக்குள் போய், வேகமாகத் திரும்பி வந்து, அதே பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஆத்தா, வந்த சோலி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"வெரசா முடிச்சிட்டீக."

அந்த மனிதர் என் மாமியாருக்குத் தூரத்து உறவு என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் என் பேர் குரங்கணிக்காரி. குழம்பில் உப்புக் கூடினால், "குரங்கணிக்குப் போற ஞாபகத்துல போட்டுட்டா போல" என்பார் என் மாமியார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் வைராக்கியமாக இருந்தது. பஸ் போர்டைப் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு மலையில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை. நானும் ஜீப் ஏறி அவரோடு மலைக்குப் போய்விட்டேன். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லயத்தில் ஒரு அறை. பகலில் காய் எடுக்கப் போவேன். காய் இல்லாத நாளில் கொச்சம்மா வீட்டில் பாத்திரம் கழுவி, மாவு ஆட்டிக் கொடுப்பேன். அவருக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். தமிழ் பேசமாட்டார். நான் மலையாளம் பேசமாட்டேன். அவர் தமிழ் பேசாதது தெரியாததால். நான் மலையாளம் பேசாதது, தப்பாகப் பேசிவிட்டால் சிரிப்பார்களே என்று. அவர் பாட்டுக்கு அவர் பாஷையில் பேசுவார், நான் பாட்டுக்கு என் பாஷையில் பதில் சொல்வேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே, சுவரைத் தாண்டிக் குரல் கேட்காமலா போகும் என்பது எங்கள் எண்ணம். முதல் நாள் என்னிடம் "வெள்ளம் கொண்டு வா மோளே" என்றார். வெள்ளத்தை நான் எங்கே போய்க் கொண்டுவர? வாசலில் போய் நின்று ஓடையைப் பார்த்தேன். தண்ணீருக்குத்தான் அவர்கள் வெள்ளம் என்கிறார்கள் என்று புரிய அரை நாள் ஆயிற்று. புரிந்ததும் முதலிலேயே தெரிந்தவள் மாதிரி ஒரு செம்பு கொண்டுபோய் வைத்தேன். அவரும் அதற்குள் தாகத்தையே மறந்துவிட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையும் சொள்ளையுமாக அவர் கிளம்பும்போது, எங்கே போகிறார் என்று கையாலேயே கேட்டேன்.

"பள்ளியில் போகுவா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்குப் போகிறாராம். இந்த வயசில். "இப்பத்தான் சேந்திருக்கீகளா?" என்றேன்.

"செறுப்பம் தொட்டு போகுன்னதல்லே" என்றார். சின்ன வயசிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறாராம். எனக்கு அவர் மேல் பரிதாபமாகப் போயிற்று. அப்போதிருந்து போயும் இன்னும் தேறவில்லை என்றால் என்ன மண்டை அது?

"இன்னும் எத்தனை வருசம் போகணும்?"

கொச்சம்மா குடையை விரித்துக்கொண்டே சிரித்தார். "மரிக்கும் வரெ போகணும் மோளே."

சாகிற மட்டும் போகவேண்டுமாம். என் பரிதாபம் அந்த நிமிஷமே மரியாதையாக மாறியது. அடேயப்பா, என்ன சனங்கள் இவர்கள் என்று நினைத்தேன். பாதையின் திருப்பத்தில் அவருக்காக இன்னும் சில அம்மாக்கள் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே விசிறி மடிப்பு, கையில் அதே புத்தகம். சீருடை. எனக்கு எந்தச் சந்தேகமும் மிச்சமிருக்கவில்லை.

அவர்கள் சர்ச்சுக்குப் பள்ளி என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பது மலையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதிதாக வந்த எனக்குத் தெரியாது. லயத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கமாட்டேன் என்பதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

அடுத்த வாரம் முழுக்க யோசித்தேன். நாற்பது வயசுக்காரர் கூச்சப்படாமல் போகிறார், எனக்கென்ன வந்தது? சனிக்கிழமை மாவு ஆட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கொச்சம்மா முன்னால் போய் நின்றேன். என் வாழ்க்கையிலேயே நான் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது.

"கொச்சம்மா, என்னையும் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என்னை உற்றுப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"கண்ணு இருந்தும் குருடியா இருக்கேன் கொச்சம்மா. தெரியாம ஒருக்க தப்பான வழியில போயிட்டேன். குரங்கணிக்குப் போயிட்டேன். அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுறாக. இனிமே என் வழிய நானே பாத்துப் போகணும்."

கொச்சம்மாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. குரங்கணி என்பது ஒரு ஊர் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் பாஷையில் ஏதோ பெரிய பாவத்துக்குப் பேர் என்று நினைத்துக்கொண்டாராம். பிற்பாடு அவரே சொன்னார். என் தலையைத் தடவி, "சாரமில்ல மோளே" என்றார். பரவாயில்லையாம். "நம்மளெல்லாம் ஓரோ குரங்கணியில் போயவரா."

நாமெல்லாருமே ஒவ்வொரு குரங்கணிக்குப் போய்வந்தவர்கள்தானாம். எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகினேன். இந்தம்மாவும் என்னை மாதிரி ஒரு நாள் பஸ் மாறி ஏறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேட்டார். "அவரு என்ன சம்மதிக்கிறது? எனக்குத் தோணிருச்சு, வர்றேன்" என்றேன். அதைக் கேட்டு இன்னும் உருகிவிட்டார். அவர் நெஞ்சில் எது நிறைந்திருந்ததோ அதை என் வார்த்தையில் கேட்டார். என் நெஞ்சில் இருந்ததை நான் அவர் வார்த்தையில் கேட்டேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் ஒரே பாஷையில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் போல முழுசாகப் புரிந்துகொள்ளப்பட்ட நிம்மதி எனக்கு வந்ததே இல்லை. அவ்வளவும் தப்பாகப் புரிந்துகொண்டது என்பதுதான் விசேஷம்.

ஞாயிற்றுக்கிழமை இருந்ததில் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டேன். பூப்பாறைக் கடையில் வாங்கி வைத்திருந்த சிலேட்டையும் பல்பத்தையும் இடுப்பில் செருகி மாராப்பால் மூடிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கொச்சம்மாவோடு ஒரு சோலியாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வழியில் சேர்ந்துகொண்ட வெள்ளைச் சேனை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகத் தலையாட்டியது. கொச்சம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. புதுப் பிள்ளை என்றால் அப்படித்தானே என்று நானும் நிமிர்ந்து நடந்தேன்.

தகரக் கூரை போட்ட சின்னக் கட்டிடம். மணி அடித்தார்கள். சரிதான், பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கத்தானே வேண்டும். எல்லாரும் உள்ளே போய் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம் நின்றோம். தாடி வைத்த பெரியவர் நீள அங்கி போட்டுக்கொண்டு வந்தார். அவரை அச்சன் என்றார்கள். ஹெட்மாஸ்டர் என்று வைத்துக்கொண்டேன். அவர் ஒரு வரி சொல்ல, எல்லாரும் சேர்ந்து அடுத்த வரி சொன்னார்கள், வாய்ப்பாடு மாதிரி. ஒருத்தர்கூடத் திக்கவில்லை. இவ்வளவு நன்றாகச் சொல்கிறவர்களை ஏன் இன்னும் மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை என்று எனக்கு அச்சன் மேல் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அச்சன் என்னவோ சொன்னார். சடசடவென்று அத்தனை பேரும் முட்டிபோட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முட்டிபோடுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாதவர்களை வாத்தியார் முட்டிபோட வைப்பார். இங்கே மொத்த வகுப்பும் செய்யவில்லை போலிருக்கிறது. கிழவர்கள்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு முட்டிபோடுகிறார்கள், பாவம். நான் போடவில்லை. இன்றைக்குத்தான் சேர்ந்தேன், அதற்குள் என்ன தப்பு செய்துவிட்டேன்? தண்டனை வாங்குகிற வம்சம் இல்லை எங்கள் வம்சம். அத்தனை தலைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். கொச்சம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் விறைத்துக்கொண்டேன். அவர் இன்னும் இழுத்தார். மாராப்பு விலகி, சிலேட்டு தரையில் விழுந்தது. தகரக் கூரையே அதிர்ந்தது.

அச்சன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மேற்கொண்டு சொல்லி முடித்தார். கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தார். அவர் கம்பம் பக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், தமிழ் பேசுவார்.

"என்னம்மா, சிலேட்டு எதுக்கு?"

"பள்ளிக்குச் சிலேட்டு இல்லாம எப்படிங்கய்யா வர்றது?"

அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு இது என்ன இடம் என்று பதமாகச் சொன்னார். கொச்சம்மா பக்கம் திரும்பி, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவர் பாஷையில் சொன்னார். பின்னால் நின்ற வெள்ளைச் சேனைக்கு அடக்கத் தெரியவில்லை. புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். கொச்சம்மா சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்துபோயிருந்தது. என்னைப் பற்றி அத்தனை பேரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தவர் அல்லவா, அந்தச் சிரிப்பில் பாதி அவரையும் சேர்ந்தது.

நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் "மோளே, மோளே" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. திரும்பவில்லை. குரங்கணியாவது ஒரு தெருவோடு போயிற்று. இது மலை முழுக்கப் பரவும், ஜீப்பில் ஏறிப் போடிக்கும் போகும்.

ஜீப்பில் ஏறிப் போகத்தான் செய்தது. ஆனால் பாதிதான் போயிற்று. நான் சர்ச்சுக்குப் போனேன் என்பது போயிற்று, சிலேட்டு போகவில்லை. அந்த வழியாகப் போன ஜீப் டிரைவர் பார்த்தது நான் உள்ளே நுழைந்ததை மட்டும். இரண்டு நாளில் என் மாமியார் திருநீற்றுப் பையும் கையுமாக லயத்தில் வந்து இறங்கினார்.

"நம்ம சாமி உனக்கு என்னடி கொறை வச்சுச்சு? புள்ளைக்கு வேண்டியிருக்கேன், கெடா நேந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லாம அங்கிட்டுப் போயிட்டியே?"

லயமே வாசலில் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் கைலியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மாமியார் என் துணிமணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தார். இனிமேல் மலையில் இருக்க வேண்டாம், போடிக்கு வா, என் கண் பார்வையில் இரு என்றார். போடிக்குப் போனால் அடுப்படி, மாட்டுக்கொட்டம், குரங்கணிக்காரி என்ற பேர், அவ்வளவுதான். எழுத்து என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம்: பள்ளிக்கூடம் என்று நினைத்துப் போய்விட்டேன் அத்தே. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாமியை மாற்றிவிட்டாள் என்றால் கோபப்படுவார்கள். சர்ச்சைப் பள்ளிக்கூடம் என்று நினைத்தாள் என்றால் சிரிப்பார்கள். கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் கொச்சம்மா வந்தார். பெரிய வீட்டு அம்மாக்கள் லயத்துக்குள் கால் வைக்கமாட்டார்கள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலேட்டுக் கதையைச் சொல்லி என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார், தீர்ந்தேன் என்று நினைத்தேன்.

அவர் சிலேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் முட்டிபோடாமல் நின்றதைப் பற்றியும் இல்லை. எங்கிருந்தோ பொறுக்கிச் சேர்த்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இவள் உங்கட சாமியெ விட்டில்லா. இவள்க்கு எழுத்து வேணும். என்டெ வீட்டில் ஞான் படிப்பிக்கும்."

என் மாமியார் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எழுத்தா? எழுத்து எதுக்குடி உனக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொச்சம்மாவும் பார்த்தார். இனிமேல் சொல்லாமல் முடியாது.

"பஸ்சு போர்டு படிக்கணும் அத்தே."

"இதுக்குத்தானா இம்புட்டு? எங்கிட்டக் கேட்டா எந்தப் பஸ்சுன்னு சொல்ல மாட்டனா? பஸ்ஸ்டாண்டுல எவனைக் கேட்டாலும் சொல்லுவானே?"

"கேக்கக்கூடாதுன்னுதான் அத்தே படிக்கணும்."

என் மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குரங்கணி என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கட்டின மூட்டையை அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே, "அப்பன் வீட்டு வீம்பு, எங்க போகும்" என்றார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நானும் ஒருக்க தேனி பஸ்சுன்னு நெனச்சு சின்னமனூருக்குப் போயிருக்கேன். வெளிய சொல்லிராத" என்றார். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆயிற்று. அதனால் இப்போது சொல்கிறேன்.

அந்த மழைக்காலம் முழுக்கச் சாயங்காலங்களில் கொச்சம்மா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் அ போட்டார், பிறகு ஆ. நான் முன்னே எழுதினது போலத்தான் இருந்தது, அதனால் எனக்கு எந்த ஐயமும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உப்புப் பட்ட அட்டை மாதிரி சுருண்டு சுருண்டு கிடந்தது. படிப்பு என்றால் போகப் போகக் கடினமாகத்தானே இருக்கும் என்று கற்றுக்கொண்டேன். ஏலக்காய்ச் சாக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன், தீப்பெட்டியைப் படித்தேன், அவர் கறுப்புப் புத்தகத்தில்கூட ஒரு பக்கம் எழுத்துக்கூட்டினேன். என் வீட்டுக்காரர் என் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எப்படிப் பிடிச்சுப் பாத்தாலும் உருண்டையா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அவருக்கும் எழுத்து தெரியாது.

தைப்பொங்கலுக்குப் போடிக்கு இறங்கினேன். வேண்டுமென்றே தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தலையை நிமிர்த்தி முதல் போர்டைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. அடுத்தது, அதுவும் இல்லை. கோணல் கோணலாக, மூலைமூலையாக வேறு என்னவோ எழுதியிருந்தது. தலை சுற்றியது. கடைசியில் ஓரமாக நின்ற ஒரு கேரளத்துப் பஸ்ஸில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது: மூணாறு. அந்தப் பெரிய ஸ்டாண்டில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே பஸ், நான் எங்கிருந்து இறங்கி வந்தேனோ அந்த மலைக்கே திரும்பிப் போகிற பஸ்.

மலையாள எழுத்து வேறு, தமிழ் எழுத்து வேறு என்பது அங்கே நின்றுதான் எனக்கு உறைத்தது. அரிசி எல்லா ஊரிலும் அரிசிதானே, எழுத்தும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது. அப்புறம், நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வந்தது. பக்கத்தில் வெளுத்த சட்டை போட்ட ஒருத்தர் நின்றார், பையில் பேனா. என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"ராசிங்காபுரத்துக்கு எந்தப் பஸ்சுண்ணே?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் ஆராச்சும் கேப்பாக, கூடவே ஏறிக்கிருவம்னுதான் நிக்கிறேன் ஆத்தா."

"பேனா வச்சிருக்கீக?"

"அது சட்டைக்கு எடுப்பா இருக்கும்னு மக சொருகி விட்டா."

இரண்டு பேருமாகப் போய்ப் பூக்காரம்மாவைக் கேட்டோம். பச்சைக் கோடு போட்ட பஸ்சு என்றார், தலையைத் தூக்காமல். கேட்டதால் என் தலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. இவ்வளவு காலமும் யார் முன்னால் தெரியாது என்று காட்டக் கூடாது என்று விறைத்துக்கொண்டு நின்றேனோ, அவர்களில் பாதிப் பேர் என் முன்னால் விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

திரும்பி மலைக்குப் போய்க் கொச்சம்மாவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். தமிழுக்குத் தனி எழுத்து உண்டு என்பது தெரிந்தவர்தான். ஆனால் எனக்கு அது வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம். அவரையும் அறியாமல் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அச்சன் கம்பத்திலிருந்து ஒரு தமிழ்ப் பாடப் புத்தகம் வாங்கி அனுப்பினார். கொச்சம்மாவும் நானும் சேர்ந்தே படித்தோம். அவருக்கு எழுத்து புதிது, எனக்குச் சொல் பழையது. நான் மளை என்பேன். அவர் நாக்கை மடித்து மழை என்று திருத்துவார். என் பாஷையை எனக்குத் திருத்திக் கொடுக்கக் கோட்டயத்திலிருந்து ஒருத்தர் வரவேண்டியிருந்தது.

சூப்ரவைசருக்கு வேலை முடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்களும் போடிக்கு இறங்கிவிட்டோம். பஸ் போர்டெல்லாம் படிக்கிறேன். இப்போது எனக்குப் போகவேண்டிய ஊர்தான் அதிகம் இல்லை. கொச்சம்மாவுக்கு வயசு தொண்ணூறைத் தொட்டுவிட்டது. கண் மங்கிவிட்டது. காதும் மந்தம், போனில் பேச முடியாது. எப்போதாவது ஒரு கார்டு போடுவேன். தமிழில் எழுதினால் அவர் வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் நான் பேசுகிற பேச்சை அப்படியே மலையாள எழுத்தில் எழுதிவிடுவேன். அவர் மருமகள் உரக்கப் படிக்க, கொச்சம்மா கேட்டுக்கொள்வார்.

போன தை மாசக் கடைசியில் எழுதினேன்: "இங்க ஒரே பனி. காலையில எந்திரிக்கவே முடியல."

ஒரு வாரத்தில் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே காய்ச்சல் மாத்திரை, ஒரு பொட்டலம் சுக்குக் காப்பிப் பொடி, கதகதப்பாக ஒரு கம்பளிக் குல்லா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டில், கேரளத்து நெடுங்கண்டத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்கிறேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சலாம். இத்தனை வருஷம் அங்கே இருந்தும் அந்தச் சொல் எனக்கு வாய்க்கவில்லை. மலையில் எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை.

காய்ச்சல் இல்லை கொச்சம்மா, குளிர்ப்பனி என்று விளக்கி எழுதலாமா என்று கார்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். தொண்ணூறு வயசில் யாரிடமோ சொல்லி, யாரையோ கட்டச்சொல்லி, எனக்கென்று அனுப்பி வைத்திருக்கிறார். சுக்குக் காப்பி போட்டு ஒரு டம்ளர் குடித்தேன். நன்றாக உறைத்தது. மாசியும் பிறந்திருந்தது, வாசலில் வெயில் விழுந்து கிடந்தது. பல்லில்லாத வாயோடு எனக்கு நானே சிரித்துக்கொண்டு, அவர் சொல்லிக் கொடுத்த உருண்டை எழுத்தில் எழுதினேன்:

"பனி விட்டுருச்சு கொச்சம்மா."

இரண்டு பாஷையிலும் அது உண்மை.